கொழும்பு வெக்கையில் ஏஞ்சலிக்கா: பல்கனியில் வளர்க்க வழியிருக்கிறதா?

கேக் அக்கா (வெள்ளவத்தை)

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருந்துகொண்டு ஓடருக்குக் கேக் செய்கிறவள் நான். பாரிஸிலிருந்து வந்த மச்சாள் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து தந்தாள். உள்ளே விரல் நீளத்துக்குப் பச்சைத் தண்டுகள், சீனிப்பாகில் ஊறிக் காய்ந்தவை. ஏஞ்சலிக்கா என்றாள். வாயில் போட்டால் முதலில் சீனி, அப்புறம் பெருஞ்சீரகமும் செலரியும் கலந்த மாதிரி ஒரு வாசம், கடைசியில் லேசான கசப்பு. நத்தாருக்குச் செய்கிற ரிச் கேக்கில் புஹுல் தோசியும் (சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி) பாகில் போட்ட இஞ்சியும் போகிற இடத்தில் இதையும் கொஞ்சம் வெட்டிப் போட்டால் எப்படியிருக்கும் என்று அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இங்கே தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. அதுதான், நானே வளர்த்தால் என்ன? எனக்கு இரண்டு பல்கனி. குசினிப் பக்கத்துப் பல்கனிக்குக் காலை வெயில் பத்து மணி வரைக்கும் வரும். மற்றது கடல் பக்கம், பின்னேரம் முழுக்க வெயிலும் உப்புக்காற்றும். ரம்பை, கறிவேப்பிலை, வல்லாரை, புதினா எல்லாம் குசினிப் பக்கம் நன்றாகவே வருகின்றன. யாராவது கொழும்பில் இதை வளர்த்திருக்கிறீர்களா?

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

வளராது. காசை மிச்சம் பிடியுங்கள் அக்கா.

பூச்சாடி

ஏன் வளராது? என்னிடம் இருக்கிறதே. பத்தரமுல்லைப் பக்கம் ஒரு நர்சரியில் ஏஞ்சலிக்கா என்று சொல்லித்தான் தந்தார்கள். முழங்கால் உயரம், ஊதாப் பூ, வருடம் முழுக்கப் பூக்கிறது. நல்ல வெயிலில்தான் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் ஒரு கிளை வெட்டித் தருகிறேன், வேர் பிடிக்கும்.

தும்புச்சோறு

பூச்சாடி, அது ஏஞ்சலோனியா. தென்னமெரிக்காப் பக்கத்துப் பூச்செடி. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நர்சரிக்காரர் தந்துவிட்டார் போல. உங்கள் செடியின் இலை ஒடுங்கி நீளமாக இருக்கும், பூக்கள் ஒரு தண்டில் வரிசையாக ஏறும். அக்கா கேட்கிறது கொத்தமல்லிக் குடும்பம். இலை பெரிதாகப் பிரிந்து பிரிந்து வரும், பூ குடை மாதிரி விரியும். ஏஞ்சலோனியாவைக் கேக்கில் போட்டுவிடாதீர்கள் அக்கா, அது அழகுக்கு மட்டும்.

பூச்சாடி

அப்படியா! நல்லவேளை, நான் இன்னும் தேத்தண்ணியில் போட்டுப் பார்க்கவில்லை.

பேர்கன் தமிழன்

நான் பம்பலப்பிட்டிக்காரன், இப்போது நோர்வேயில் பேர்கனில் இருக்கிறேன். ஏஞ்சலிக்காவின் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் விஷயம் அளவு. பல்கனிச் செடி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடம் தரையோடு இலைக்கூட்டம் மட்டும் வரும். ஒரு குளிர்காலத்தைக் கடந்து இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். பார்த்துக்கொண்டிருக்க ஆள் உயரம், சில இடத்தில் அதற்கும் மேல். தண்டு உள்ளே குழல், மணிக்கட்டுத் தடிப்பு. உச்சியில் பச்சை கலந்த வெள்ளைப் பூக்கள், ஒவ்வொரு கொத்தும் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். விதை முற்றியதும் செடி செத்துவிடும். பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் இழுக்கலாம்.

இங்கே இது ஆற்றங்கரை, கடற்கரைப் பாறையடி, மலை ஓடை என்று ஈரம் ஓடுகிற இடங்களில் நிற்கும். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வரைக்கும் உண்டு. இந்த வடக்கின் பழங்குடிகளான சாமி மக்கள் இளந்தண்டைத் தோலுரித்துப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். பழைய காலத்தில் இது எவ்வளவு பெறுமதி என்றால், இந்த மேற்குக் கரையின் குலாதிங் சட்டத்திலேயே அடுத்தவன் ஏஞ்சலிக்காத் தோட்டத்தில் களவெடுப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். பேர்கனிலிருந்து உள்ளே போனால் வொஸ் என்று ஓர் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த ஓர் இனத்தில் இலைக்காம்பு குழலாக இல்லாமல் உள்ளே சதை பிடித்திருக்கும். பாகு காய்ச்ச அதுதான் சரியான சாமான்.

காட்டில் பிடுங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. இதே குடும்பத்தில் ஆளைக் கொல்லும் நச்சுச் செடி ஒன்று இதே ஈரத்தில் நிற்கிறது, பூவும் குடைதான். கொழும்பில் உங்களுக்கு அந்தப் பயமில்லை. ஆனால் விதையை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

அண்ணா சொன்னதை அக்கா இன்னொரு தரம் வாசியுங்கள். ஐஸ்லாந்து. கிரீன்லாந்து. நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை. என் மொட்டைமாடியில் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது.

பழைய போதனாசிரியர்

மொட்டைமாடித் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் கதையை அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம். விவசாயப் போதனாசிரியராக மலைநாட்டிலும் மேல் மாகாணத்திலும் வேலை செய்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

எல்லோரும் பகல் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். இந்த மாதிரிச் செடிக்குக் கொழும்பில் பெரிய எதிரி இரவு. பகலில் வெயிலை நிழல் வலை கட்டி மறைக்கலாம், இரவை என்ன செய்வீர்கள்? செடி பகலில் உணவு செய்கிறது, இரவும் பகலும் சுவாசிக்கிறது. வெப்பம் கூடக் கூடச் சுவாசம் கூடும், சேர்த்த மாவுப்பொருள் எரிந்து போகும். கொழும்பில் சராசரி வெப்பம் வருடம் முழுக்க 27, 28 பாகை. ஜனவரி இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில் சராசரியே ஏறக்குறைய 16 பாகைதான், தை மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகும். கரட்டும் லீக்ஸும் அங்கே விளைந்து இங்கே லொறியில் வருவது ஏன் என்பதற்கும் இதுதான் பதில். கரட்டும் ஏஞ்சலிக்காவும் ஒரே குடும்பம், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, வேர். சூடான மண்ணில் தண்ணீரும் தேங்கினால் வேரழுகல் நிச்சயம். இந்தச் செடி எப்போதும் ஈரம் கேட்கும். குளிர்ந்த ஈரம் கேட்கும் என்று சொல்ல வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் நட்டு வெயிலில் வைத்தால் பத்து மணிக்கே வேர் வெந்துவிடும். அகன்ற மெல்லிய இலை வேறு. மண்ணில் ஈரம் இருந்தும் மத்தியானம் துவண்டு கிடக்கும், நீங்கள் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவீர்கள், அத்தோடு முடிந்தது.

அதனால் மகளுக்கு என் பதில் இது: கொழும்பில் பாகு காய்ச்சுகிற தடிப்புக்குத் தண்டு எடுக்க முடியாது. ஒரு பருவத்துக்கு இலையும் இளங்காம்பும் எடுக்கலாம், கீரை போடுவது போல நினைத்து, மார்ச் ஏப்ரல் வெக்கையில் செடி போனாலும் பரவாயில்லை என்ற எண்ணத்தோடு போடுங்கள். அந்த எண்ணம் இருந்தால் செய்து பார்க்கத் தகுந்த வேலைதான்.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

ஐயா, மிக்க நன்றி. இலையும் காம்பும் கிடைத்தாலே எனக்கு விளையாட்டுக்கு ஏதாவது கிடைத்த மாதிரி. எப்போது போடுவது, எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிடுங்கள்.

பழைய போதனாசிரியர்

விதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏஞ்சலிக்கா விதை சீக்கிரம் சாகும். பழைய விதைப் பாக்கெட் வாங்கினால் ஒன்றும் முளைக்காது, மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பாவில் ஓகஸ்ட், செப்டெம்பரில் விதை முற்றும். அந்த வருட விதை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

வந்ததும், பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நனைத்த தும்புச்சோற்றில் (தேங்காய்த் தும்புத் தூள்) கலந்து, ஒரு சின்னப் பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். ஆறு, எட்டுக் கிழமை அங்கேயே இருக்கட்டும். அந்தக் குளிரைக் கண்டால்தான் அதற்கு விழிப்பு வரும். இடையிடையே திறந்து பூசணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் விதைக்கும்போது மண்ணின் மேல் தூவி விரலால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். இந்தக் கட்டத்தில் அறை வெப்பமும் முக்கியம், 15 முதல் 20 பாகை வரை நல்லது. கொழும்பில் ஏசி அறை இல்லாமல் அது நடக்காது.

கணக்குப் பார்த்தால், செப்டெம்பர் கடைசியில் விதை கைக்கு வந்தால் ஒக்டோபர், நவம்பர் ஃபிரிட்ஜில். டிசம்பரில் முளை. ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பில் இரவு கொஞ்சமாவது இளகும் காலம், செடி வளர அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி.

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

ஏசி அறையில் கீரை. கரண்ட் பில்லையும் கேக் விலையில் சேர்த்துவிடுங்கள் அக்கா.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

தம்பி, ஐசிங் வேலைக்கு எப்படியும் ஏசி ஓடுகிறதுதான். ஜன்னலோரம் ஒரு தட்டு வைப்பதில் பில் கூடாது 😄

தும்புச்சோறு

ஐயா சொன்னதோடு சாடியைப் பற்றி நான் சேர்க்கிறேன், இது என் பைத்தியம்.

இதற்கு ஆழமான ஆணிவேர். அகலத்தைவிட ஆழம் முக்கியம், ஒன்றரை அடிக்குக் குறையாத சாடி எடுங்கள். நாற்று நாலைந்து இலை விட்டதும் கடைசிச் சாடிக்கே மாற்றிவிடுங்கள், வேர் நீண்ட பிறகு தொட்டால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். பிளாஸ்டிக் வேண்டாம், மண் சாடி. இன்னும் நல்லது சாடிக்குள் சாடி. பெரிய மண் சாடிக்குள் சின்னதை இறக்கி, இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி அந்த மணலை எப்போதும் நனைத்து வைத்தால் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே வேர்ப்பக்கம் குளிரும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இந்த வித்தை அவ்வளவு எடுபடாது, மழையில்லாத நாளில் எடுபடும். மீன் வருகிற ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டியும் மோசமில்லை. அடியில் ஓட்டை போட்டால் போதும், வெளிச்சூடு உள்ளே ஏறாது. பார்க்க வடிவாக இருக்காது, அவ்வளவுதான்.

கலவை: நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தோட்டத்து மேல்மண் ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு, ஒரு கை மணல். தும்புச்சோற்றை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்பு இருக்கும். மேலே பொச்சைச் சின்னதாக நறுக்கிப் பரப்பிவிடுங்கள், மண் காயாது.

கடல் பக்கத்துப் பல்கனியை மறந்துவிடுங்கள். பின்னேர வெயில் ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

பூச்சாடி

சாடிக்குள் சாடி என்றால் தண்ணீர் தேங்குமே? எங்கள் ஒழுங்கைக்கு டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் பூச்சாடித் தட்டுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தும்புச்சோறு

நல்ல கேள்வி. நுளம்பு பெருக இடம் வைத்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கே போடலாம். இடைவெளி முழுக்க மணல் நிற்க வேண்டும், மணலுக்கு மேல் தண்ணீர் தெரியக் கூடாது. வெளிச்சாடிக்கும் அடியில் ஓட்டை வேண்டும். கீழே தட்டு வைத்தால் தட்டிலும் மணல். அவ்வளவு செய்தால் நுளம்புக்கு இடமில்லை.

தெஹிவளை வாசகி

எல்லோருக்கும் வணக்கம், வேறொரு சந்தேகம். ஏஞ்சலிக்கா பெண்களின் மாதவிடாய்க் கோளாறுக்கு நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வேரைக் காயவைத்துக் கசாயம் வைக்கலாமாம். வீட்டில் வளர்ந்தால் அம்மாவுக்கும் கொடுக்கலாமா? அம்மா இதய வால்வு ஒப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுக்கிறார்.

பழைய போதனாசிரியர்

பிள்ளை, வேண்டாம். அம்மாவுக்குக் கட்டாயம் வேண்டாம்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது அநேகமாகச் சீன மருத்துவத்தில் வருகிற டொங் குவாய். அது ஏஞ்சலிக்கா சினென்சிஸ், சீனாவின் கன்சு மாகாணத்து மலைகளில் விளைகிற வேறு இனம். அதை வார்ஃபரினோடு எடுத்தவர்களுக்கு இரத்தம் உறையும் நேரம் அளவுக்கு மீறிக் கூடியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய இனத்திலும் கூமரின் வகைப் பொருட்கள் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களும் மருந்தாக எடுக்கக் கூடாது. கேக்கின் மேல் ஒரு துண்டு வேறு, வேர்க் கசாயம் வேறு. மாதவிடாய்க் கோளாறுக்கு டொக்டரிடம் போங்கள். சாடியில் வளர்த்த வேரை நம்பி இருக்க வேண்டாம்.

தெஹிவளை வாசகி

சரி ஐயா, விளங்கிவிட்டது. கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

பேர்கன் தமிழன்

பாதுகாப்பு என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. இதன் சாறு தோலில் பட்டு அந்த இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரிச் சிவந்து கொப்பளிக்கும், பிறகு கறுத்த அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். ஃபியூரனோகூமரின் என்ற பொருள் செய்கிற வேலை. இந்த வடக்கு வெயிலிலேயே சிலருக்கு வருகிறது, கொழும்பு வெயிலில் யோசித்துப் பாருங்கள். பின்னேரம் பொழுது சாய்ந்த பிறகு கையுறையோடு வெட்டுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

இது உண்மை. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்று எங்கள் தம்பிக்குப் புறங்கை முழுக்கக் கறுத்துப் போனது. டொக்டர் சொன்னதும் இதே பெயர்தான். தேசிக்காயை வருடம் முழுக்கப் பிழிகிற எங்களுக்கே இது பலருக்குத் தெரியாது.

கந்தப்பொளையான்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கொழும்பில் வேலை, வீடு நுவரெலியாப் பக்கம் கந்தப்பொளை. எங்கள் மாமா அங்கே மரக்கறித் தோட்டம் செய்கிறார். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. தோட்ட ஓரத்தில் ஓடை ஒன்று போகிறது, மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கிவிடும்.

இந்த இழையை வாசித்ததும் நினைத்தது இதுதான்: அக்கா ஏன் குளிரைக் கொழும்புக்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்? செடியைக் குளிருக்கு அனுப்பினால் போச்சு. வெள்ளைக்காரன் காலத்திலேயே அதைத்தானே செய்தார்கள். 1861இல் சின்கோனா (கொயினா மருந்து எடுக்கிற மரம்) வைப்பதற்கென்று ஹக்கலையில் தோட்டம் போட்டார்கள், இன்றைக்கு அது பெரிய தாவரவியல் பூங்கா. குளிர்நாட்டுச் செடிக்கு எங்கள் மலையில் இடம் உண்டு. மாமாவிடம் ஓடைக்கரையில் நாலடி இடம் கேட்கிறது பெரிய காரியமில்லை.

பழைய போதனாசிரியர்

தம்பி சொன்னதுதான் இதுவரை வந்ததில் நல்ல யோசனை. ஒரு கேள்வி மட்டும்: அந்த ஓடைக்கரை கோடையில் காயுமா?

கந்தப்பொளையான்

மாசி, பங்குனியில் தண்ணீர் குறையும் ஐயா, ஆனால் மண் காயாது. தவளைக்கூட்டம் அங்கேயேதான் இருக்கும்.

பழைய போதனாசிரியர்

அப்படியானால் போடலாம். ஓடை விளிம்பிலேயே வைக்காமல், மழைக்குத் தண்ணீர் ஏறாத அளவுக்குக் கொஞ்சம் மேலே, அரை நிழலில். மரக்கறிக்கு அடிக்கிற மருந்து காற்றில் அந்தப் பக்கம் வராதபடி பார்க்க வேண்டும், அக்கா சாப்பிடக் கேட்கிறாள். இலை மடிப்புகளில் அழுக்கணவன் சேரும், அடர்ந்தால் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவிவிடலாம். முளைவிட்ட பருவத்தில் நத்தை ஓர் இரவில் வரிசையையே முடித்துவிடும், சாம்பல் தூவி நம்பியிருக்காமல் டோர்ச் அடித்துக் கையால் பொறுக்குங்கள்.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

தம்பி, கண் கலங்குகிறது 😊 ஆனால் அங்கேயும் தடித்த தண்டு வர இரண்டு வருடம் ஆகுமே? பூக்காமலே விட்டால்?

பேர்கன் தமிழன்

தண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பாகுக்குப் பூந்தண்டும் எடுப்பார்கள், இளம் இலைக்காம்பும் எடுப்பார்கள். நன்றாக வளர்ந்த செடியின் இலைக்காம்பே பெருவிரல் தடிப்புக்கு வரும். வொஸ் இன விதை கிடைத்தால் இன்னும் நல்லது, காம்பு நிரம்பியிருக்கும். எப்படியும் முற்ற விடாமல் எடுக்க வேண்டும், முற்றினால் நார்.

மச்சாள் கொண்டுவந்தது அநேகமாக நியோர் நகரத்துச் சரக்கு. பிரான்ஸின் மேற்கில், ஈரச் சதுப்பு நிலம் சூழ்ந்த ஊர், இதற்குப் பெயர் போனது. அங்கேயும் பாருங்கள், சதுப்பு. தண்ணீரை விட்டு இந்தச் செடி போகாது.

அஷிதபாப் பிரியன்

ஏன் எல்லோரும் ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள்? ஜப்பானில் அஷிதபா என்று ஓர் ஏஞ்சலிக்கா இருக்கிறது. ஹச்சிஜோ தீவு, கடலுக்கு நடுவில், மிதமான காலநிலை. கொழும்புக்கு அது பொருந்தும். ஒரு முகநூல் குழுவில் தண்டு விற்கிறார்கள், நட்டால் உடனே பிடிக்கிறதாம், எவ்வளவு வெயிலையும் தாங்குமாம்.

தும்புச்சோறு

தண்டு நட்டு உடனே பிடித்தால் அது அஷிதபா இல்லை. ஏஞ்சலிக்கா இனங்களை விதையிலிருந்துதான் எடுப்பார்கள். பிலிப்பைன்ஸ் பக்கம் கைனூரா என்ற கொடியை அஷிதபா என்று விற்கிறது பழைய கதை, அது சூரியகாந்திக் குடும்பம். பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. உண்மையான அஷிதபாவின் காம்பை வெட்டினால் மஞ்சள் நிறப் பால் கசியும். இலையும் மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கும். கைனூராவில் இலை ஒரே துண்டு, மஞ்சள் பாலும் வராது.

அப்புறம், உண்மையான அஷிதபாவையே இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் ரிஞ்சானி எரிமலைச் சரிவில் உயரத்தில்தான் போடுகிறார்கள். கடற்கரையில் இல்லை.

அஷிதபாப் பிரியன்

ஓ. அந்தப் படத்தில் இலை ஒரே துண்டாகத்தான் இருந்தது. காசு இன்னும் அனுப்பவில்லை.

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், காசை மிச்சம் பிடியுங்கள் என்று. யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

😂 சரி, இப்போது விதை. மச்சாள் திரும்ப வரும்போது பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரட்டுமா?

பழைய போதனாசிரியர்

அப்படிச் செய்யாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதை ஒரு பிடி என்றாலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும், அனுப்புகிற நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தொற்றுத்தடைச் சேவை இருக்கிறது, விசாரித்துச் செய்யுங்கள். சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கரட் குடும்பத்து விதையோடு புது நோய் ஒன்று நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் இந்தத் தம்பியின் மாமாதான் முதலில் அழுவார்.

கந்தப்பொளையான்

ஐயாவுக்கு நன்றி. அது இல்லாமல் மாமா தோட்டத்துக்குள் எடுக்கவும் மாட்டார், இந்த விஷயத்தில் அவர் கறார்.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

சரி, விளங்குகிறது. அனுமதி எடுத்தே செய்கிறேன். அப்படியென்றால் இந்த வருட நத்தாருக்கு இல்லை. அதுவரைக்கும் என்ன செய்வது? பச்சையாக, கொஞ்சம் கசப்போடு, வாசமாக ஏதாவது?

பூச்சாடி

செலரித் தண்டு! எங்கள் அம்மம்மா வீட்டில் அதைப் பாகில் போட்டிருக்கிறார்கள்.

தும்புச்சோறு

செலரி நல்ல பதில்தான், குடும்பமும் ஒன்று. ஆனால் இங்கே சந்தைக்கு வருகிற செலரி மெல்லிய தண்டு, பாகில் சுருங்கி நூலாகும். சுப்பர்மார்க்கெட்டில் வருகிற தடித்த வகையில் வெளித்தண்டை எடுங்கள். கொதிநீரில் இளகும் வரை போட்டு, முதுகிலுள்ள நாரைக் கத்தியால் இழுத்து எடுத்துவிட்டு, ஏஞ்சலிக்காவுக்குச் செய்வது போலவே செய்யலாம். முதல் நாள் இளம்பாகு, அடுத்த நாள் பாகை மட்டும் வடித்துக் கொஞ்சம் இறுக்கி மறுபடி ஊற்றுவது, இப்படித் தினமும். ஒரேயடியாகக் கெட்டிப்பாகில் போட்டால் வெளியே இறுகி உள்ளே தண்ணீராக நிற்கும், பிறகு பூசணம் பிடிக்கும்.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

அந்தப் பாகு வேலை எனக்குக் கைவந்தது, புஹுல் தோசி அப்படித்தானே. ஊறும்போது இரண்டு பெருஞ்சீரகத்தைத் துணியில் முடிந்து போட்டால் அந்த வாசமும் கிட்ட வரும் என்று நினைக்கிறேன்.

பல்கனிக்கும் நாலைந்து விதை வைத்துக்கொள்ளப் போகிறேன், ஐயா கோபிக்கக் கூடாது. இலையை வைத்து என்ன செய்யலாம்?

பேர்கன் தமிழன்

புளிப்பான பழத்தோடு போடுங்கள். இங்கே ருபார்ப் என்ற புளித்தண்டோடு இளம் இலையோ காம்போ சேர்த்து அவிப்பார்கள், புளிப்பு அடங்கும், சீனி குறைவாகப் போதும். கொழும்பில் அம்பரெல்லா இருக்கிறதே, அதோடு போட்டால் என்ன ஆகும் என்று நானும் அறிய ஆசைப்படுகிறேன். ஜாம் ஆறிய பிறகு இலையை எடுத்துவிடுங்கள்.

மொட்டைமாடி (கொட்டாஞ்சேனை)

ஜின் குடிக்கிற ஆட்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஜூனிப்பர், கொத்தமல்லி விதைக்கு அடுத்து ஜின்னில் அதிகம் போகிற சாமான் ஏஞ்சலிக்கா வேர்தான். அக்காவின் செடி ஏப்ரலில் செத்தால் வேரை எனக்குத் தரவும்.

கேக் அக்கா (வெள்ளவத்தை)

தம்பி, ஏப்ரலில் செத்தால் வேர் அழுகித்தான் செத்திருக்கும். கந்தப்பொளையில் கேட்டுப் பாருங்கள்.

கந்தப்பொளைத் தம்பி, காம்பு விளைந்தால் எப்படிக் கீழே வரும்? பஸ்ஸில் வாடிவிடாதா?

கந்தப்பொளையான்

மாமாவின் கரட் போகிற லொறி இரவு புறப்பட்டு விடியமுன் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வந்துவிடும். காம்பை ஈரப் பேப்பரில் சுற்றி லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தால் வாடாது. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு எடுத்துவருவது என் பொறுப்பு. இலையை மேலேயே கிள்ளிவிடச் சொல்கிறேன், இலை இருந்தால்தான் ஈரம் போகும். அனுமதிப் பத்திரம் வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள், மாமாவிடம் பாத்தி வெட்டச் சொல்கிறேன்.